கடைசியில் நிற்பவள்

ஹாக்கி என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் கோல் அடித்தவர்களே. பந்தைத் தடுத்தவரின் பெயரை நினைவில் வைப்பவர் மிகச் சிலர். அடித்த கோல்கள் பலகையில் ஏறும். தடுத்த கோல்களுக்கு அங்கே இடமில்லை. நம் பள்ளி அணியில் இரண்டு ஆண்டுகளாக நான் கோல் கீப்பர். ஆகவே அதே இடத்தில் நின்று உலகப் புகழ் பெற்ற சவிதா பூனியாவைப் பற்றி எழுத எனக்குத் தனி ஆசை.

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பார்கள். சவிதாவுக்கு அது பொருந்தவில்லை. ஹரியானாவின் சிர்சா மாவட்டத்திலுள்ள ஜோத்கான் என்னும் சிற்றூரில் 1990-இல் பிறந்த அவருக்குத் தொடக்கத்தில் ஹாக்கியில் விருப்பமே இல்லை. வற்புறுத்திச் சேர்த்தவர் தாத்தா. கால் பேடுகளும் தலைக்கவசமும் அடங்கிய பெரிய பையுடன் பேருந்தில் ஏறி இறங்குவதே பெரும்பாடாக இருந்தது. பின்னர் பேத்தியின் பெயர் செய்தித்தாளில் வந்தபோது, எழுத்தறியாத அந்தத் தாத்தா, அதைத் தாமே படிக்க வேண்டுமென்று முதிய வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டாராம்!

கோல் கம்பங்களுக்கு இடையே 3.66 மீட்டர் அகலம், உயரம் 2.14 மீட்டர். ஆட்டம் சமனாக முடிந்து ஷூட்-அவுட் வந்தால், எதிரணி வீராங்கனை ஒருத்தி 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்துடன் தனியே வருவாள். அவளுக்கு 8 விநாடிகள். அப்போது கோல் கீப்பருக்குத் துணை யாருமில்லை. 2017 ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் சவிதா இப்படித் தடுத்துத்தான் இந்தியா சீனாவை 5-4 என்று ஷூட்-அவுட்டில் வென்றது.

டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதி 2021 ஆகஸ்டு 2-ஆம் நாள் நடந்தது. எதிரே மூன்று முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆஸ்திரேலியா. 22-ஆவது நிமிடத்தில் குர்ஜித் கௌர் ஒரு கோல் அடித்தார். மீதி 38 நிமிடங்களும் அந்த ஒரு கோலைக் காத்து நின்றார் சவிதா. இந்திய மகளிர் அணி முதன்முறையாக ஒலிம்பிக் அரையிறுதிக்குள் நுழைந்தது. 2022-இல் அவர் தலைமையில் காமன்வெல்த் வெண்கலமும் கிடைத்தது. உலகின் சிறந்த கோல் கீப்பர் விருதைத் தொடர்ந்து மூன்று முறை பெற்றார்.

ஆனால் 2024 ஜனவரியில் ராஞ்சியில், ஜப்பானிடம் 0-1 என்று தோற்றதால் பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பு கைநழுவியது. ஒரே ஒரு கோல்! டோக்கியோவில் ஏற்றிவிட்டதும் ஒரு கோல்தான். ராஞ்சியில் இறக்கிவிட்டதும் ஒரு கோல்தான். சவிதா அதன் பிறகும் பேடுகளைக் கட்டிக்கொண்டு வந்தார். 2025-இல் 300 பன்னாட்டு ஆட்டங்களை நிறைவு செய்தார். எனக்கு விருதுகளைவிட இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

பதினொன்றாம் வகுப்பில் ஹாக்கி வேண்டாம், படிப்பே போதும் என்பது எங்கள் வீட்டின் எண்ணம். "நின்ற இடத்தில் நிற்பதற்கா இத்தனை வேஷம்?" என்று பாட்டி கேட்பார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. நாள்தோறும் செய்தித்தாளை வாசித்துக் காட்டுபவள் நான்தான். சவிதாவின் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்தப் பெரியவர் கெட்டிக்காரர்தான்" என்றார்கள். ஹாக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனினும் மறுநாள் என் பேடுகள் வெயிலில் உலர்ந்துகொண்டிருந்தன.

அன்புள்ள பெற்றோரே! உங்கள் பெண்கள் எல்லோரும் சவிதா ஆகிவிட மாட்டார்கள். ஆயினும் அவர்கள் எதைக் காத்து நிற்கிறார்கள் என்று ஒருநாள் மைதானத்துக்கு வந்து பாருங்கள். தோழியரே! அடுத்த ஆட்டத்தில் கோல் விழுந்தால் மட்டும் என் பெயரைச் சொல்லாமல், விழாதபோதும் ஒருமுறை சொல்லுங்கள்!