நாகர்கோவிலில் ஒரு மதியச் சாப்பாடு

எங்கள் ஜில்லாவுக்கு வருகிறவர்கள் சுசீந்திரம் கோயிலையும் கன்னியாகுமரிக் கடலையும் பார்த்துவிட்டு, கிடைத்த ஓட்டலில் இரண்டு இட்லியோடு ரயிலேறி விடுகிறார்கள். கிழங்கும் மீன்குழம்பும் ருசிக்காமல் போவது என்ன யாத்திரையோ!

மாதம் ஒருமுறை மாமியாருக்கு மாத்திரை வாங்க ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவேன். திரும்பும் வழியில், வடசேரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் நாலே மேஜை போட்ட ஒரு சின்னக் கடை. முதல் தடவை, "கூட ஆளு உண்டா யக்கா?" என்று கேட்டார்கள். நான் மட்டும்தான் என்று சொல்ல நாக்கு கூசியது. இப்போது கேட்பதில்லை. "சாளை உண்டு, அயிலை உண்டு" என்றபடியே இலையைப் போட்டு விடுவார்கள்.

மரச்சீனிக் கிழங்கை உப்புப் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் வடித்துவிட வேண்டும். கிழங்கில் உள்ள நச்சுத்தன்மை அதோடு போகும். குழம்புக்குத் தேங்காயும் வத்தலும் மல்லியும் அம்மிப் பதத்தில் அரைத்து, புளி கரைத்து, மாங்காய்த் துண்டு போட்டு மண்சட்டியில் கொதிக்க விடுவார்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பயிரிட ஊக்கம் கொடுத்தவர். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது எங்கள் பாட்டிமார் அடுப்பில் வெந்தது இதுதான்.

ஜூன், ஜூலையில் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வள்ளத்தில் போய்ப் பிடித்து வருகிற மீன்தான். கொஞ்சமாகத்தான் கிடைக்கும், ஆனால் அதன் ருசியே தனி.

வீட்டில் எனக்கு விழுவது தலையும் வாலும்தான். எல்லாருக்கும் பரிமாறி, சட்டியை வழித்து, அடுக்களையில் நின்றபடியே சாப்பாடு முடிந்துவிடும். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. கடைசியில் சாப்பிடுகிறவளுக்கு என்ன மிஞ்சும்? (சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராது.)

அந்தக் கடையில் நடுத்துண்டு எனக்கு. சில நாள் சினையும் உண்டு. யாரும் "அம்மா, தண்ணி" என்று கூப்பிடுவதில்லை. முள்ளை நிதானமாக எடுத்து வைக்கலாம். ஜப்பானில் சுஷிக் கடைகளில் சமையற்காரருக்கு எதிரே நீளப் பலகை முன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது சர்வ சாதாரணமாம். இங்கே ஒருத்தி தனியாகச் சாப்பிட்டால், வீட்டில் சண்டையோ என்று பார்க்கிறார்கள்!

என் வீட்டுக்காரரும், "வீட்டுல சோறு இல்லையா?" என்றுதான் கேட்டார். "சோறு உண்டு, உக்கார நேரம்தான் இல்ல" என்றேன். பேப்பரைப் பிரித்துக்கொண்டார். மறுமாதம் காலையில் அவரே எண்பது ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

போன வாரம் நாத்தனார், "அடுத்த தடவ நானும் வரட்டா மைனி?" என்றாள். வேறொரு நாள் சேர்ந்து போவோம் என்று சொல்லியிருக்கிறேன்.