ஸ்பேனரை எடுக்கும் முன்

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்புறத் தெருவில் தகரக் கூரை போட்ட ஒர்க் ஷாப் அது. நெருக்கி நிறுத்தினால் நான்கு கார் நிற்கும். வருபவை பெரும்பாலும் பெரிய சர்வீஸ் சென்டர்களுக்குப் போவதை நிறுத்திவிட்ட வண்டிகள்: மாருதி 800, ஜென், முதல் தலைமுறை ஆல்டோ, சாண்ட்ரோ. பழைய காருக்கு ஆக்சிஜன் சென்சார் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுத வேண்டும் என்றதும், அங்கிருந்த மூத்த மெக்கானிக் அண்ணன், "சென்சாரைப் பத்தி அப்புறம் எழுதலாம். முதல்ல வந்து நின்னு பாருங்க சார்" என்றார்.

ஐம்பதைக் கடந்தவர். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் கார்புரேட்டர் திருகிக் கைபழகியவர். கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் வந்தபோது கூட இருந்த பலர் வேறு தொழிலுக்குப் போனார்கள். இவர் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து படித்தார்.

நான் போயிருந்தபோது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 2006 மாடல் சாண்ட்ரோவைக் கொண்டுவந்தார். நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி. ஐடிலிங் சீராக இல்லை, பெட்ரோல் குடிக்கிறது, புகைச் சோதனையில் தேறவில்லை. ஆர்.சி. புதுப்பிக்கும் நேரம் வேறு நெருங்குகிறது. அந்தக் காலத்து வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இவருடையது அதை எப்போதோ தாண்டிவிட்டது. வேறொரு இடத்தில் "சென்சார் போச்சு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "நல்ல சென்சாரா ஒண்ணு பார்த்துப் போட்டுடுங்கப்பா" என்று சாவியை நீட்டினார்.

அண்ணன் ஸ்பேனரைத் தொடவில்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். உதவிக்கு நின்ற பையன் ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சற்று நேரம் பொத்தினான். அண்ணன் மேனிஃபோல்ட் பக்கம் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கேஸ்கட்டில் சின்ன விரிசல் இருந்தாலும் 'டிக் டிக்' என்று சத்தம் வருமாம். அந்த விரிசல் வழியே வெளிக்காற்று உள்ளே போனால், புகையில் ஆக்சிஜன் அதிகம் என்று சென்சார் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் கொஞ்சம் பெட்ரோலைத் தெளிக்கும். சென்சாரின் மேல் குற்றமே இருக்காது. முந்தைய வாரம் அப்படித்தான் ஒரு ஜென் வந்ததாம். வேறெங்கோ இரண்டு சென்சார் மாற்றியும் தீராத கோளாறு, ஒரு கேஸ்கட்டில் தீர்ந்திருக்கிறது.

சாண்ட்ரோவில் சத்தம் இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்தோம். அந்த இடைவெளியில் அவர் சொன்ன விளக்கம் எந்தக் கையேட்டையும்விடத் தெளிவாக இருந்தது.

சென்சாரின் நுனியில் விரல் உறை போல ஒரு சிர்கோனியா பீங்கான். அதன் இரு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளிப்பக்கம் புகை, உட்பக்கம் நாம் சுவாசிக்கும் காற்று. ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடேறியதும், இரண்டு பக்க ஆக்சிஜனுக்கும் உள்ள வித்தியாசம் மின்னழுத்தமாக வெளிப்படும். புகையில் ஆக்சிஜன் இல்லையென்றால், அதாவது பெட்ரோல் கூடியிருந்தால், 0.9 வோல்ட்டை ஒட்டி வரும். ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1-க்கு இறங்கும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கில் கலவை இருக்க, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டும் குறைத்துக்கொண்டும் இருக்கும். அதனால் நல்ல சென்சார் 0.45-க்கு மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே இருக்கும். கலிஃபோர்னியாவின் கடுமையான புகை விதிகளுக்காக பாஷ் நிறுவனம் செய்து, 1976-ல் வால்வோ கார்களில் முதலில் வந்த பொருள் இது. "நாக்கு மாதிரி சார். சுட்டுக்கிட்ட நாக்குக்கு உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது" என்றார்.

கனெக்டரின் பின்புறம் ஒரு குண்டூசியைச் செருகி மீட்டரை வைத்தார். கம்பியின் தோலைக் குத்திப் பார்ப்பவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். குத்திய இடத்தில் தண்ணீர் இறங்கிக் கம்பி பச்சை பூத்துவிடும். எண்கள் ஓடின. 0.3, 0.4, 0.5. நகர்ந்தது, ஆனால் துள்ளவில்லை. வேக்கம் ஹோஸ் ஒன்றைக் கழற்றினார். சட்டென்று விழ வேண்டிய எண் மெதுவாக இறங்கியது. ஆக்சிலேட்டரை அழுத்தினார், சோம்பலாக ஏறியது. பிறகு கனெக்டரைக் கழற்றி, ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஹீட்டர் கம்பிகளுக்கு நடுவே ஓம் பார்த்தார். ஹீட்டர் உயிரோடு இருந்தது. "இப்ப சொல்றேன். சென்சார்தான்."

கழற்றுவதும் லேசில்லை. ஆண்டுக்கணக்கில் வெந்த மரை. ஆயில் அடித்து ஊறவிட்டு, இன்ஜினை மறுபடி வெதுவெதுப்பாக்கி, கம்பி நுழையப் பக்கவாட்டில் பிளந்த 22 நம்பர் சாக்கெட்டைப் போட்டார்கள். வெளியே வந்ததைப் பையன் மூலையில் வீசப்போனான். அண்ணன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நுனியில் வெள்ளையாக, மணல் மணலாக ஒரு படிவு. கருப்புக் கரி என்றால் பெட்ரோல் கூடுதலாக எரிகிறது என்று பொருள். வெள்ளைக்குக் காரணம் வேறு. வால்வ் கவரைச் சுற்றிப் பிதுங்கியிருந்த சிலிக்கான் பசையைக் காட்டினார். எப்போதோ யாரோ ஆயில் கசிவை அடைக்க, கைக்குக் கிடைத்த பசையைத் தடவியிருக்கிறார்கள். அதன் ஆவி இன்டேக் வழியே போய், எரிந்து, சிலிக்காவாக இந்த நுனியில் படிந்து அடைத்துவிட்டது. அந்தப் பசையைச் சுரண்டி எடுத்துப் புது கேஸ்கட் போடாமல் எவ்வளவு உயர்ந்த சென்சாரை மாட்டினாலும் அதற்கும் இதே கதிதான். சென்சாருக்குத் தீங்கு செய்யாத பசையும் உண்டு, டியூபிலேயே போட்டிருக்கும்.

கடைக்குப் போகும்போது பழைய சென்சாரை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டோம். ஜி.பி. ரோட்டில் கடைக்காரர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார். வண்டிப் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொன்னால் அவர் பொருள் எடுத்துத் தருவதில்லை. உலோக உடலில் பொறித்த எண்ணைப் படித்தார், கம்பிகளை எண்ணினார், பக்கத்தில் வைத்து நீளம் பார்த்தார். கம்பி குட்டையாக இருந்தால் இன்ஜின் ஆடும்போது இழுபடும். நீளமாக இருந்தால் தொங்கிச் சைலன்சரில் பட்டு உருகும். ஒற்றைக் கம்பி என்றால் ஹீட்டர் இல்லாதது. நான்கு கம்பி என்றால் ஹீட்டருக்கு இரண்டு, சிக்னலுக்கு ஒன்று, அதன் எர்த்துக்கு ஒன்று. பாஷ் வகையில் வழக்கமாக ஹீட்டர் வெள்ளை, சிக்னல் கருப்பு, எர்த் சாம்பல். டென்சோ வகையில் ஹீட்டர் கருப்பு, சிக்னல் நீலம், எர்த் வெள்ளை. நிறத்தை நம்பி ஒன்றின் கம்பியை மற்றதோடு சேர்த்தால் சிக்னல் வழியில் 12 வோல்ட் பாயும். கம்ப்யூட்டரே போய்விடும்.

கடைக்காரர் மேசையில் மூன்றை வைத்தார். கார் கம்பெனியின் பெட்டியில் வருவது. சென்சார் செய்யும் பெயர் பெற்ற நிறுவனத்தின் சொந்தப் பெட்டியில், அதே கனெக்டரோடு வருவது. கனெக்டர் இல்லாமல், நாமே கம்பி சேர்த்துக்கொள்ளும் 'யூனிவர்சல்'. நான்காவதாகப் பெயரே இல்லாத ஒன்றும் அலமாரியில் இருந்தது. அதை அண்ணன் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் எடுத்தது இரண்டாவது. தரம் ஏறக்குறைய அதேதான், விலை முதலாவதைவிடக் குறைவு, கம்பியை வெட்ட வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் பழைய காருக்கு இதுவே சரி.

யூனிவர்சலை அவர் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. பீங்கானின் உட்பக்கத்துக்கு வேண்டிய வெளிக்காற்று இந்த வகை சென்சார்களில் கம்பி இழைகளின் இடுக்கு வழியாகவே போகிறது. கம்பியைச் சேர்க்கும்போது ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும். இறுக்கிக் கடிக்கும் கிரிம்ப்தான் போட வேண்டும். கனெக்டரில் கிரீஸ் அப்புவதும் கூடாது. இதைத் தெரியாமல் நல்ல சென்சார்களைக் கெடுத்தவர்கள் ஏராளம் என்று வருத்தப்பட்டார்.

திரும்பும் வழியில் புதுப்பேட்டை. கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில் ஒரு முழுக் காரைப் பிரித்துத் தனித்தனிச் சாமானாக அடுக்கிவிடும் கைகள் இருக்கின்றன. கதவு, ஹெட்லைட், கியர்பாக்ஸ் எதுவானாலும் கிடைக்கும். கழற்றின சென்சார் சில நூறு ரூபாய்தானே என்று கேட்டுப் பார்த்தேன். பனியன் முழுக்க கிரீஸோடு நின்ற இளைஞர் மறுத்துத் தலையாட்டினார். "அது வேணாம் சார். எவ்ளோ ஓடியிருக்குன்னு எனக்கே தெரியாது." ஹீட்டர் உள்ள சென்சாருக்கே ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர்தான் ஆயுள் என்பார்கள், கழற்றியதில் அது பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அண்ணன் அவரிடம் வேறொன்று வாங்கினார்: வண்டிப் பக்கத்து கனெக்டர், அரை அடிக் கம்பியோடு. சாண்ட்ரோவில் இருந்தது வெயிலிலும் சூட்டிலும் நொறுங்கத் தொடங்கியிருந்தது. அதற்குப் புதுப்பேட்டையைவிட நல்ல இடம் கிடையாது.

மாட்டுவது சில நிமிட வேலை. மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, கம்பெனியே அதில் ஒரு பசை தடவி அனுப்பியிருந்தது. நுனியில் விரல் படாமல் கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் அளவாக இறுக்கினார்கள். மீட்டரில் எண்கள் துள்ளின. புகைச் சோதனையில் வண்டி தேறியது.

கணக்குப் போடும்போதுதான் எனக்கு மனம் ஆறவில்லை. சென்சாருக்குச் சில ஆயிரம், கேஸ்கட்டுக்குத் தனியாக. மாட்டியதற்கு ஒரு சின்னக் கூலி. காது கொடுத்துக் கேட்டு, குண்டூசி செருகி, வெள்ளைப் படிவின் காரணம் தேடிய அரை நாளுக்கு பில்லில் இடமே இல்லை. "அதுக்கு யாரும் தர மாட்டாங்க சார். பார்ட்டை மாத்தினாத்தான் காசு" என்றார். அந்த ஜென்னுக்கு இரண்டு சென்சார் மாறியது இதனால்தான். பார்ப்பதற்குக் கூலி இல்லாத தொழிலில், மாற்றுவதுதான் பிழைப்பு என்று ஆகிவிடுகிறது.

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டியை விடும்போது "சென்சாரை மாத்திடுங்க" என்று சொல்லாதீர்கள்; "என்ன கோளாறுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று சொல்லுங்கள். ஒரு பார்ட்டும் மாற்றாமல் வண்டி திரும்பினாலும், பார்த்ததற்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.