தோட்பை

நெடுவழிச் செல்வார்க்குத் துணையாவன இரண்டு. ஒன்று நல்ல நட்பு. மற்றொன்று நல்ல பை. பின்னதைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

விடுமுறையில் இமயச்சாரல் ஊர்களில் ஒரு திங்கள் சுற்றிவர எண்ணினேன். வானூர்தியில் உடன்கொண்டு செல்லத்தக்க தோட்பையொன்று வேண்டியதாயிற்று. நம் நாட்டு வானூர்தி நிறுவனங்கள் பலவும் கைப்பைக்கு 7 கிலோ எடையே அளிக்கின்றன. நீளம் 55, அகலம் 35, தடிப்பு 25 சென்டிமீட்டர் உள்ள பை ஏறத்தாழ 48 லிட்டர் கொள்ளும். ஆயின் வெறும் பையே 2 கிலோ ஆயின், நமக்கு எஞ்சுவது 5 கிலோ அன்றோ? ஆதலின் கொள்ளளவினும் வெறும்பையின் எடையே முதற்கண் நோக்கற்பாலது.

பெட்டிபோல் முழுதுந் திறப்பது நன்று; அடியிலுள்ளதை எடுக்க அனைத்தையும் கொட்டவேண்டுவதில்லை. அகன்ற இடுப்புவார் தோளின் சுமையை இடுப்பெலும்பின்மேல் இறக்கும். கனத்த பொருள்களை முதுகையொட்டி வைத்தல் வேண்டும். இன்றேல் பை பின்னே இழுக்கும். மலைபடுகடாத்துக் கூத்தரும் தம் இசைக்கருவிகளைக் கலப்பையுள் இட்டு, இருபுறமும் நிறையொப்பக் காவிச் சென்றனர். சுமையின் இலக்கணம் அன்றும் இன்றும் ஒன்றே.

இறுதியில் இருபொருள் எஞ்சின: யான் கற்க விரும்பிய தடித்த உரைநூலொன்று, அன்னையார் தந்த கம்பளிச் சால்வையொன்று. தராசு ஒன்றற்கே இடந்தந்தது. நூல் மேசைமேல் நின்றது. சால்வை பையுட் புகுந்தது. நூலை மீண்டுவந்து கற்கலாம். அன்னையார் கவலையை வீட்டில் விட்டுச் செல்லுதல் எனக்கு இயலவில்லை.

நண்பர்காள்! பெரும்பை எல்லாவற்றிற்கும் இசையும். சிறுபையோ, இன்றியமையாதது யாதென நம்மை வினவும். அவ்வினாவிற்கு விடைகண்ட பின்னரே கடைக்குச் செல்லுங்கள்.