கல்லில் நின்ற பெயர்

போரில் வீழ்ந்த வீரனின் பெயரைக் கல்லில் பொறித்து நடுவது தமிழர் மரபு. சென்னைக் கடற்கரையில் உள்ள போர் நினைவுச்சின்னம் முதல் உலகப்போரின் நினைவாக எழுப்பப்பட்டது. அப்போரில் உயிர்நீத்து, கல்லறையும் இன்றி மறைந்த ஒரு கால்பந்து வீரரின் பெயர், பிரான்சு நாட்டின் அராஸ் நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளது. அவர்தாம் வால்டர் டல்.

வால்டர் 1888ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை, பார்படோஸ் தீவிலிருந்து வந்த தச்சர்; அடிமைத்தளையில் உழன்றோரின் மகன். தாய் ஆங்கிலேயப் பெண்மணி. 1895இல் தாயும் 1897இல் தந்தையும் மறைந்தனர். வறுமையால் வால்டரும் தமையன் எட்வர்டும் இலண்டனில் ஆதரவற்றோர் இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். பின்னர் எட்வர்டைக் கிளாஸ்கோ நகரக் குடும்பம் ஒன்று தத்தெடுத்தது. தனித்து நின்ற வால்டருக்கு அச்சுத்தொழிலும் பந்தாட்டமுமே துணையாயின.

1909இல் புகழ்பெற்ற டாட்டன்ஹாம் கழகம் அவரைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு பிரிஸ்டல் நகரில் நடந்த ஆட்டத்தில், பார்வையாளருள் ஒரு பகுதியினர் அவருடைய நிறத்தைச் சுட்டி இழிசொற்களை வீசினர். அவர் நிதானம் இழக்காமல் ஆடினார். ஆட்டத்திலும் பண்பிலும் அவரே பிறர்க்கு முன்மாதிரி என்று செய்தியாளர் ஒருவர் எழுதினார். ஆயினும் விரைவிலேயே முதன்மை அணியில் அவர் இடமிழந்தார். 1911இல் நார்தாம்டன் கழகம் அவரை வரவேற்றது. அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் களமிறங்கி, மக்களின் அன்புக்கு உரியவரானார்.

1914இல் போர் மூண்டது. அவ்வாண்டு திசம்பரில், கால்பந்து வீரர்களுக்கென அமைக்கப்பட்ட மிடில்செக்ஸ் படைப்பிரிவில் வால்டர் சேர்ந்தார். சோம் போர்க்களத்தின் சேற்றுக் குழிகளில் நின்று போரிட்டார். கறுப்பினத்தவர் படையினர்க்கு ஆணையிடும் பதவி பெறலாகாது என்பது அக்காலப் படைவிதி. அவ்விதி இருக்கும்போதே, 1917 மே 30ஆம் நாள் அவர் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். இந்திய வீரர்கள் பல்லாயிரவர் அயல்மண்ணில் குருதி சிந்திய பின்னரே, அதே ஆண்டு ஆகஸ்டில், அரசரின் ஆணைபெறும் அதிகாரிப் பதவியில் இந்தியர்க்கு இருந்த தடையும் தளர்ந்தது. போர்க்களத்தில் உயிர் கேட்கும்போது நிறம் பாராத அரசு, பதவி தரும்போது மட்டும் நிறம் பார்த்தது.

இத்தாலியில் பியாவே ஆற்றை இரவில் கடந்து, பகைவர் பகுதிக்குள் 26 வீரர்களை நடத்திச் சென்றார் வால்டர். ஒருவரையும் இழக்காமல் அழைத்து வந்தார். அவருடைய துணிவையும் பதறாமையையும் படைத்தலைவர் பாராட்டினார்.

1918 மார்ச் 25ஆம் நாள், பிரான்சில் பகைவரின் பெருந்தாக்குதலில் குண்டடிபட்டு வால்டர் வீழ்ந்தார். அவருக்கு வயது 29. பொழியும் குண்டுகளுக்கிடையே அவருடைய உடலை மீட்க வீரர்கள் முயன்றனர், முடியவில்லை. வீர விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டதாக உடன் பணிபுரிந்த அதிகாரி எட்வர்டுக்கு எழுதினார். அவ்விருது வரவேயில்லை.

1999இல் நார்தாம்டன் ஆடுகளத்தருகே அவருக்கு நினைவுக்கல் எழுந்தது. ஆணையிடத் தகுதியற்றவர் என்று சட்டம் ஒதுக்கிய மனிதரின் உடலுக்காக, அவருடைய ஆணையை ஏற்று நடந்தவர்கள் தம் உயிரையே பணயம் வைத்தனர். எந்த விருதாலும் தர இயலாத பெருமை அது.