பினாங்குக்கு வந்தா அம்மன்கிட்ட கொஞ்ச நேரம் உட்காருங்க



பள்ளி விடுமுறை நெருங்குது. வழக்கம்போல கேள்வி வர ஆரம்பிச்சாச்சு. “அண்ணே, குடும்பத்தோட பினாங்கு வர்றோம், ஒரு நாள்தான் இருக்கு, எங்கெல்லாம் போகலாம்?” தனித்தனியா பதில் சொல்றதை விட இங்கேயே எழுதிடறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நான் எஸ்பிஎம் வரைக்கும் படிச்சவன். பிறையில தொழிற்சாலை சூப்பர்வைசர். லீவு நாள்ல கோவில் தொண்டு. சொந்தக்காரங்க யார் வந்தாலும் தீவைச் சுத்திக் காட்டுற வேலை எனக்குத்தான் வரும்.

காடியை பட்டர்வொர்த்துலயே விட்டுட்டு பெரியில வாங்க. 2023-ல வந்த புது பெரியில காடி ஏத்த மாட்டாங்க, ஆளும் மோட்டார் சைக்கிளும்தான். கால் மணி நேரம் கடல் காத்து வாங்கிட்டே வரலாம். இறங்கி நடந்தா பத்து நிமிஷத்துல லிட்டில் இந்தியா. பசியாறிட்டு நேரா குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவிலுக்குப் போங்க. மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால முதல்ல கோவில், அப்புறம்தான் மத்தது.

இங்கதான் ஒண்ணு சொல்லணும். வர்றவங்க பல பேர் கோபுரத்துக்கு முன்னால நின்னு படம் எடுக்கறாங்க, கையெடுத்துக் கும்பிடறாங்க, அஞ்சு நிமிஷத்துல சுவர் ஓவியம் பார்க்கக் கிளம்பிடறாங்க. தப்புன்னு சொல்ல வரல. பிள்ளைங்களுக்கு வெயில், பசி, எல்லாம் இருக்கு. ஆனா அந்தக் கோவில் யாரால நிக்குதுன்னு தெரிஞ்சா இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவீங்கன்னு நினைக்கிறேன்.

இன்னைக்கு நமக்கு இது வெயிலும் காத்தும் உள்ள, அவசரமில்லாத ஊரு. 1786-ல கம்பெனிக்காரன் துறைமுகம் போட்டப்போ இது வேலை ஊரு. நம்ம ஆளுங்க வியாபாரியா, படகுக்காரரா, மூட்டை தூக்கறவரா வந்தாங்க. 1801-ல கிடைச்ச நிலத்துல சின்னதா கும்பிட ஆரம்பிச்சு, 1833-ல கோவிலா எழும்பினதுதான் குயின் ஸ்திரீட் அம்மன். பினாங்குல இதுதான் மூத்த இந்துக் கோவில். பின்பக்கம் பிட் ஸ்திரீட். அந்த ஒரே தெருவுல 1818-ல கட்டின தேவாலயம், சீனர்களோட குவான் யின் கோவில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், எல்லாம் நடக்கிற தூரம்தான். 2008-ல யுனெஸ்கோ இந்த நகரத்தை உலகப் பாரம்பரிய இடமா அறிவிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம்.

போன வருஷம் எங்க பெரியப்பா மகன் தஞ்சாவூர் பக்கத்துல இருந்து வந்திருந்தார். எழுபது வயசு, முதல் தடவை விமானம் ஏறினவர். பெரியப்பா இந்தத் துறைமுகத்துல தொங்கான்ல இருந்து மூட்டை இறக்கினவர். எங்க அப்பாவுக்குக் குடியுரிமை கிடைச்சது. பெரியப்பா கடைசி வரைக்கும் சிவப்பு ஐசி. 1969-ல பினாங்குக்கு இருந்த வரியில்லாத் துறைமுகம்கிற அந்தஸ்து போச்சு, வேலை குறைஞ்சது. அதோட குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட் சட்டமும் வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பம் அப்படித்தான் ஊர் திரும்பிச்சு. பெரியப்பாவும் 1970-ல ரஜூலா கப்பல் ஏறினார். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அதுக்கப்புறம் பார்த்துக்கவே இல்ல.

அண்ணன் பையில இருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். நிறமே போயிருந்தது. உள்ளே நாடாளுமன்றக் கட்டடம் போட்ட பழைய ஐம்பது காசு ஒண்ணு. “கப்பல் ஏறின அன்னைக்கு குயின் ஸ்திரீட் அம்மனை நெனச்சு அப்பா முடிஞ்சது தம்பி. திரும்பி வந்து செலுத்துறேன்னு வேண்டிக்கிட்டாராம். சாகும்போது எங்கிட்ட கொடுத்தார்.”

அர்ச்சனை முடிஞ்சு முடிச்சை உண்டியல்ல போட்டார். அழுவார்னு நினைச்சேன், அழல. தூண் பக்கம் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நானும் கூட உட்கார்ந்தேன். எத்தனையோ தடவை போன கோவில்தான், ஆனா நான் அப்படி சும்மா உட்கார்ந்து அன்னைக்குத்தான் பார்த்தேன். மணிச் சத்தம், கற்பூர வாசனை, வெளியில துணிக்கடைப் பாட்டு எல்லாம் காதுல விழுந்துச்சு.

சாயங்காலம் எஸ்பிளனேட் கடற்கரைச் சுவர்ல உட்கார்ந்தோம். ஸ்வெட்டன்ஹம் துறையில ஒரு பெரிய சொகுசுக் கப்பல் நின்னுச்சு. அண்ணன் ஐஸ் கச்சாங் சாப்பிட்டுக்கிட்டே சொன்னார்: “அப்பா இந்த வெயில்ல மூட்டை சுமந்தார். அவர் மகன் இங்க உட்கார்ந்து காத்து வாங்கறேன். இதைப் பார்க்க அவர் இல்லையே.” எனக்கு பதில் சொல்லத் தெரியல.

இன்னொரு விஷயமும் இருக்கு. முன்னெல்லாம் அந்தத் தெருக்கள்ல நம்ம ஆளுங்க கடைக்கு மேலயே குடியிருந்தாங்க. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 கடைசியோட முடிஞ்சது. வாடகை ஏறினதும் நிறைய குடும்பங்க வெளியில போயிட்டாங்க, பல வீடு ஹோட்டலும் காப்பிக் கடையும் ஆச்சு. தெருவிலேயே குடியிருந்து விளக்கேத்த வந்தவங்க குறைஞ்ச இடத்துல, தூரத்துல இருந்து வர்ற நாமதான் அந்த இடத்தை நிரப்பணும்.

அதனால ஒரு வேண்டுகோள். ஒரு வேளை பூஜைக்கு இருங்க. போனை பையில போடுங்க. உங்க தாத்தாவோ பாட்டியோ எந்தக் கப்பல்ல வந்தாங்க, எங்க வேலை செஞ்சாங்கன்னு பிள்ளைங்களுக்கு அங்க வெச்சு சொல்லுங்க. தெரியாதுன்னா வீட்டுப் பெரியவங்களுக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கேளுங்க. அவங்க இருக்கும்போதே கேட்டாத்தான் உண்டு.

மத்தியானம் சாப்பிட்டு ஓய்வெடுத்துட்டு, வெயில் தாழ்ந்ததும் தண்ணீர்மலைக்குப் போங்க. அடிவாரத்துல நகரத்தார் கோவில். மேல 2012-ல கும்பாபிஷேகம் ஆன பாலதண்டாயுதபாணி கோவில், ஐநூறுக்கும் மேல படி. முட்டி வலி உள்ள பெரியவங்களை அவசரப்படுத்தாதீங்க, தண்ணீர் பாட்டில் மறக்காதீங்க. மேல இருந்து பார்த்தா ஊரும் கடலும் தெரியும். திரும்பும்போது யாராவது காடியில கூப்பிட்டா பாலத்து வழியா தெற்குப் பக்கம் பாருங்க, ஜெரெஜா தீவு. நம்ம பாட்டன்மாரைக் கப்பல்ல இருந்து இறக்கி, நோய் இருக்கான்னு பார்க்க அடைச்சு வெச்ச இடம் அது. அதையும் பிள்ளைங்களுக்குக் காட்டுங்க.

வேற ஏதாவது கேட்கணும்னா கேளுங்க. இந்த வாரம் நைட் ஷிப்ட், காலையில வீட்டுக்கு வந்ததும் பதில் சொல்றேன். நல்லபடியா வந்துட்டுப் போங்க. தாயே துணை.