கரியவை இரண்டு

கரிய நிறம் கொண்டவை எல்லாம் ஒன்றல்ல என்பதை வேல்ஸ் நாட்டுக் கடற்கரையின் குளிர்காலம் நன்கு உணர்த்தும். அங்குள்ள கார்மார்தன் விரிகுடாவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கடல்வாத்துகள் வந்து தங்குகின்றன. கரையில் நிற்பவர் கண்ணுக்கு அவை அலைமேல் ஏறி இறங்கும் கரும்புள்ளிகளே. அவற்றுள் பெரும்பாலானவை சாதாரண ஸ்கோட்டர் என்னும் இனம். மிகச் சிலவே வெல்வெட் ஸ்கோட்டர் என்னும் இனம். 1758ஆம் ஆண்டில் இவ்விரண்டுக்கும் அறிவியற்பெயர் சூட்டிய லின்னேயசும் ஒன்றைக் ‘கரியது’ என்றும் மற்றதை ‘மங்கிய கருநிறத்தது’ என்றுமே குறித்தார். பெயரும் துணைசெய்யாதபோது பார்ப்பவர் என்செய்வார்?

பொறுமையோடு காத்திருப்பார். வெல்வெட் ஸ்கோட்டரின் சிறகில் ஒரு வெண்பட்டை உண்டு. நீந்தும்போது அது பெரும்பாலும் விலாப்புற இறகுகளுள் மறைந்திருக்கும். பறக்கும்போதோ சிறகை உதறும்போதோ பளிச்சென வெளிப்படும். ஆண் பறவைக்குக் கண்ணின்கீழ்ப் பிறைபோன்ற வெள்ளைக் கீற்றும் உண்டு. சாதாரண ஸ்கோட்டரின் சிறகில் அத்தகைய வெண்பட்டை இல்லை. அதன் பெண்ணுக்குக் கன்னம் முழுதும் வெளிறியிருக்கும். தொலைவு மிகுந்து இவை புலப்படாதபோது செயலே சான்றாகும். சாதாரண ஸ்கோட்டர் சிறகை ஒடுக்கிச் சற்றே துள்ளி நீரில் மூழ்கும். வெல்வெட் ஸ்கோட்டர் சிறகைச் சிறிது விரித்தவாறு மூழ்கும்.

இத்துணை நுணுக்கம் எதற்கு எனச் சிலர் வினவலாம். 1996ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ‘சீ எம்பிரஸ்’ என்னும் எண்ணெய்க் கப்பல் மில்ஃபோர்டு ஹேவன் துறைமுக வாயிலில் பாறையில் மோதியது. ஏறத்தாழ 72,000 டன் கச்சா எண்ணெய் கடலிற் கலந்தது. எண்ணெய் தோய்ந்து கரையொதுங்கிய பறவைகளுள் மிகுதியானவை சாதாரண ஸ்கோட்டர்களே. எந்த இனம் எத்தனை இருந்தது என்னும் முன்னைய கணக்கு இல்லாவிடின், இழந்தது எவ்வளவு என்று எவரால் கூறமுடியும்? 2003ஆம் ஆண்டில் அவ்விரிகுடா பறவைகளுக்கான சிறப்புப் பாதுகாப்புப் பகுதியானதற்கும் இவ்வினத்தின் எண்ணிக்கையே அடிப்படை. வெல்வெட் ஸ்கோட்டரோ உலக அளவில் அழியும் இடருக்குள்ளான இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஊகித்து எழுதும் ஒரு பெயர் இல்லாத பறவையை இருப்பதாக்கிவிடும், இருப்பதை மறைத்துவிடும்.

ஆதலின், நேர்மையான பார்வையாளர் உறுதியில்லாத இடத்தில் ‘ஸ்கோட்டர், இனம் தெரியவில்லை’ என்றே எழுதிவைப்பார். அந்தக் குறிப்புக்கும் கணக்கேட்டில் மதிப்புண்டு. கண்ணால் காண்பதும் பொய்யாகலாம், தீர விசாரிப்பதே மெய் என்று முன்னோர் கூறியதும் இதனையே. விசாரித்தும் விளங்காததை விளங்கவில்லை என்று எழுதும் துணிவே கற்றவர்க்கு அழகு.