மேட்லிக்கு ஒரு ஹாய்... மோட்டாருக்கு ஒரு பை!

தி.நகர் மேட்லி சுரங்கப்பாதையில மழைத் தண்ணிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முழிச்சிருக்கீங்களா? அந்த மேட்லி யாருன்னு தெரியுமா பாஸ்? சென்னைக்கு வடிகட்டின குடிதண்ணி கொண்டுவந்த இன்ஜினீயர்! அவர் பேர் வெச்ச இடத்துலயே தண்ணி தேங்குதுன்னா, காமெடிதானே?

சிவில் படிக்கிற பாவத்துக்கு, போன ஞாயித்துக்கிழமை அந்தத் தண்ணி வர்ற வழியிலேயே ஒரு ரவுண்டு கிளம்பினேன். நீங்களும் வாங்க.

முதல் ஸ்டாப், புழல் ஏரி. கரையில நின்னா குட்டிக் கடல்தான்! நிறைஞ்சா 3,300 மில்லியன் கன அடி. 2019 கோடையில இதே ஏரி காய்ஞ்சு வெடிச்சுக் கிடந்தது, ஞாபகம் இருக்கா? 1872-ல் இங்கேருந்து நகரத்துக்குத் தண்ணி போக ஆரம்பிச்சப்போ, கீழ்ப்பாக்கம் வரைக்கும் திறந்த மண் கால்வாய்தான். வடிகட்டுற வேலையே கிடையாது. வழியில எது விழுந்தாலும் குடிச்சுக்க வேண்டியதுதான்!

அடுத்த ஸ்டாப், கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையம். 1914-ல் மேட்லியோட திட்டம் இங்கே வேலை செய்ய ஆரம்பிச்சது. மண் கால்வாய்க்குப் பதிலா மூடின கால்வாய். தண்ணியை வடிகட்ட மணல் படுகைகள். மணல் மேல படியுற மெல்லிசான படலத்துல இருக்கிற நுண்ணுயிர்கள்தான் கிருமிகளைத் தின்னு தீர்க்கும். படலம் தடிச்சு அடைச்சுக்கிட்டா, மேல் மணலைச் சுரண்டி எடுக்கணும். கட்டுறது ஒரு தடவைதான், சுரண்டுறது காலத்துக்கும்! இந்த நிலையம் இப்போ ஒரு நாளைக்கு 27 கோடி லிட்டர் வரை சுத்தம் பண்ணுற அளவுக்கு வளர்ந்திருக்கு.

கடைசி ஸ்டாப்? எங்க தெரு!

இவ்வளவு சுத்தம் பண்ணின தண்ணி, எங்க வீட்டுக் குழாயில சில நாள் சாக்கடை வாசனையோட வரும். யார் மேல தப்புன்னு கத்துறதுக்கு முன்னாடி, எங்க வீட்டு வாசலைப் பார்த்தேன். குழாயில நேரடியா மாட்டின மோட்டார், ஜம்முனு உட்கார்ந்திருந்தது. விஷயம் சிம்பிள். குழாய்ல அழுத்தம் இருந்தா, விரிசல் வழியா தண்ணி வெளியேதான் கசியும். மோட்டார் போட்டு உறிஞ்சினா அழுத்தம் போயிடும். அப்போ அதே விரிசல் வழியா பக்கத்துல தேங்கியிருக்கிற சாக்கடை உள்ளே வரும். தெருக்கோடி ஆயாவோட குடத்துக்கோ வெறும் காத்துதான் வரும்!

"முதல்ல பக்கத்து வீட்டுக்காரர் கழட்டட்டும்டா"ன்னார் அப்பா. அவர் வீட்டுலயும் இதே டயலாக்தான் ஓடியிருக்கும்! ரெண்டு நாள் சண்டை. அம்மா என் பக்கம் வந்ததும் மோட்டார் கழண்டது. இப்போ தண்ணி தானா விழுற மாதிரி தரைக்குக் கீழே இருக்கிற சம்ப்புக்கே குழாயைத் திருப்பிட்டோம்.

உண்மையைச் சொல்லணும்ல? சம்ப் இப்போ பாதிதான் நிறையுது. வாசனை முழுசா போகலை. பக்கத்து வீட்டு மோட்டார் இன்னும் உறுமுது. அடுத்த ஞாயிறு அந்த அங்கிளைப் புழல் ஏரிக்குக் கூப்பிட்டிருக்கேன். "வர்றேன்"னு சொல்லியிருக்கார்.

உங்க வீட்டு வாசல்ல என்ன இருக்குன்னு ஒரு தடவை எட்டிப் பாருங்களேன்!